பழைய எம்ஜிபி காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பிரித்து மாட்டி, வார இறுதிப் பந்தயத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எஞ்சினில்தான் கை வைக்கிறார்கள். பெரிய கார்புரேட்டர், ரேஸ் கேம்ஷாஃப்ட், பளபளக்கும் எக்ஸாஸ்ட் என்று பணத்தில் முக்கால்வாசி அங்கேயே கரைந்துவிடும். அடியில் சில் (கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டம்) மக்கிப்போயிருப்பது அப்புறம்தான் தெரியவரும். முதலில் பாடி, அடுத்து பிரேக், சஸ்பென்ஷன், பாதுகாப்புச் சாமான்கள், கடைசியில்தான் எஞ்சின். இதுதான் சரியான வரிசை.

உதாரணத்துக்கு எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். உதிரிபாகங்கள் இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ், 1798 சிசி. நம்ம ஊர் அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசிடரின் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

பந்தய வரலாறும் உண்டு. 1963 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு எம்ஜிபி ஆரம்பத்திலேயே மணலில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் ஆலன் ஹட்சசன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மணலைத் தோண்டிக் காரை வெளியே எடுத்தார். அதன் பிறகும் பேடி ஹாப்கர்க்கும் அவரும் ஓட்டி மொத்தத்தில் 12ஆவது இடம் பிடித்தார்கள். வேகத்தைவிட இந்தக் காரின் உழைப்பு பெரிது.

படி 1: ஸ்பேனருக்கு முன் விதிப்புத்தகம்

எந்தப் பிரிவில் ஓட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1965 வரையிலான கார்களுக்கான எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) பிரிவுகளில் ஓட்ட வேண்டுமென்றால் ‘அப்பெண்டிக்ஸ் கே’ விதிகள் பொருந்தும். அந்தக் காலத்தில் இல்லாத சாமான் எதையும் மாட்ட முடியாது. எம்ஜி கார் கிளப் நடத்தும் பிசிவி8 போன்ற கிளப் போட்டிகளில் கை கொஞ்சம் தாராளம். ஒரு பிரிவில் செல்லும் மாற்றம் இன்னொன்றில் செல்லாது. முதலில் மாட்டிவிட்டு அப்புறம் விதியைப் படித்தால் கழற்றி வைக்க அலமாரிதான் தேவைப்படும்.

முதல்முறை இறங்குபவர்களுக்கு என் யோசனை, ஸ்பிரிண்ட் அல்லது மலையேற்றப் போட்டி. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ், பிரெஸ்காட் போன்ற இடங்களில் ஒவ்வொரு காராகத் தனித்தனியே நேரம் பார்த்து விடுவார்கள். பக்கத்துக் கார் இடிக்கும் பயம் இல்லை, காரின் குறைகளும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

படி 2: துருவைத் தேடி வாங்குங்கள்

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே முன்பின்னாக ஓடும் சில்தான் முதுகெலும்பு, அதிலும் கூரையில்லாத ரோட்ஸ்டரில் முழு பாரமும் அதன் மேல்தான். வாங்கப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சில்லில் உள்ள ஜாக்கி பாயின்டில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்குங்கள். தூக்கத் தூக்கக் கதவின் பின்பக்க இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி சுருங்கினாலோ, கதவு பிடித்துக்கொண்டு திறக்க மறுத்தாலோ, வெளியே பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் உள்ளே இரும்பு இல்லை என்று அர்த்தம்.

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து பாட்டரிப் பெட்டிகளையும் பாருங்கள். 1974 வரை இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தன. ஆசிட் சிந்திச் சிந்தி அடித்தகடு சல்லடையாகியிருக்கும். முன் சக்கரத்துக்குப் பின்னால் விங்கின் (சக்கரத்தை மூடும் மட்கார்டுத் தகடு) உள்பக்கம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், தரைத்தகட்டின் ஓரங்கள், இவையும் சேறு தங்கும் இடங்கள். காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஒட்டவில்லையென்றால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள்.

கதவின் மேல் விளிம்பில், சின்ன முக்கோணக் கண்ணாடியின் அடியில் ஒரு விரிசல் தெரிந்தால் பதற வேண்டாம். எம்ஜிபிக்கு அது பிறவி மச்சம்.

படி 3: டிங்கரிங், வெல்டிங்

இங்கேதான் நேரம் போகும், போகட்டும். மக்கிய சில்லை அறுப்பதற்கு முன் கதவுத் திறப்பில் முட்டுக் கொடுக்க வேண்டும். கதவுக் கீல் தூணிலிருந்து பின் தூணுக்கு இரண்டு இரும்புக் குழாய்களைக் குறுக்காக வெல்டு வைத்துப் பிடியுங்கள். காரை நான்கு புள்ளிகளில் மட்டமாக நிறுத்துங்கள். ஒரு பக்கம் முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுத்தால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது.

புதுச் சில்லைப் புள்ளி வெல்டு வைத்ததும், முழுசாக வெல்டு செய்வதற்கு முன், கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பல்படாமல் திரும்பத் திரும்பச் செய்பவர்தான் நல்ல டிங்கர். முன் விங் போல்டு போட்டது, கழற்றிவிடலாம். பின் விங் வெல்டு வைத்தது. சில்லின் கடைசி முனை அதன் அடியில் ஒளிந்திருப்பதால் விங்கின் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் அறுத்தே ஆக வேண்டும். பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி மூடும் வேலையைப் பலர் செய்திருப்பார்கள். அதை நம்பி ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு) மாட்டுவது தற்கொலை.

பாடி மீட்கவே முடியாத நிலை என்றால் இன்னொரு வழி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் புது எம்ஜிபி பாடிகளைச் செய்துவருகிறது. விலை அதிகம்தான். ஆனால் மக்கிய பாடிக்கு ஆகும் மாதக்கணக்கான கூலியோடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பாட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

படி 4: பிரேக்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆரம்பகாலக் கார்களில் ஒற்றை பிரேக் சர்க்யூட்தான்: ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். எனவே எல்லா ஹோஸையும் ஸ்டீல் பின்னிய ஹோஸாக மாற்றுங்கள். பின் ஆக்சிலுக்குப் போகும் ஒரே ஒரு ஹோஸைப் பலர் மறந்துவிடுவார்கள். மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், வீல் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் புது சீல். பிரேக் ஆயில் டாட் 4, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் பந்தயச் சூட்டில் கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும்.

படி 5: சஸ்பென்ஷன், சக்கரம்

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு ஆணி). முன் ஷாக் அப்சார்பரின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையும். அதனால் அது ஒழுகினாலோ ஆடினாலோ அலட்சியம் கூடாது. கம்பிச் சக்கரம் பார்க்க அழகு, பந்தயத்துக்கு வேண்டாம். ஸ்போக் தளரும், ஹப்பின் பல்லும் தேயும்.

படி 6: உயிர் காக்கும் சாமான்கள்

ரோல் கேஜ், ரேஸ் சீட், பெல்ட், தீயணைப்பான், மெயின் ஸ்விட்ச். கேஜின் பாதம் ஒவ்வொன்றின் அடியிலும் கனத்த தகடு வேண்டும். பெல்ட்டின் லேபிளில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழையதை வாங்காதீர்கள். மெயின் ஸ்விட்ச் பாட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது, ஓடும் எஞ்சினும் நிற்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் தப்பாக வயரிங் செய்தால் ஸ்விட்சைத் திருப்பிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடவிட்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள். இன்னொன்று: 1967 வரையிலான எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எலெக்ட்ரானிக் சாமானை மாட்டும் முன் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் புகைதான்.

படி 7: கடைசியாக எஞ்சின்

முதல் வருஷத்துக்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டரே போதும். நான்கு சிலிண்டருக்கு இன்லெட் போர்ட் இரண்டுதான், வெபர் கார்புரேட்டர் போட்டாலும் இந்த ஹெட்டில் அற்புதம் நடக்காது. 1964 கடைசியிலிருந்து வந்த ஐந்து மெயின் பேரிங் எஞ்சின் உறுதியானது. பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர், கிராங்க் அளவு எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டில் வால்வு சீட்களுக்கு இடையே விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்குக் கடின எக்ஸாஸ்ட் சீட் போட்டுவிடுவது நல்லது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் தடுப்புத் தகடு வையுங்கள், நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க.

டேப்பட் கிளியரன்ஸ் குளிர்ந்த நிலையில் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பது கணக்கு போதும்: 8ஆவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 7 திறந்திருக்கும்போது 2ஐ. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். ஹெட் நட்டு 50 பவுண்ட்-அடி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக.

புது கேம் போட்டிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே ஐட்லிங்கில் விடாதீர்கள். 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இருபது நிமிஷம் ஓடட்டும், இல்லையென்றால் கேமும் டேப்பட்டும் அரைத்துக்கொள்ளும். ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ளது. ஓடும்போது பிரஷர் 50 முதல் 80 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். ஸ்ட்ரோக் 89 மில்லிமீட்டர், நீளம் அதிகம். 6,000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள்.

படி 8: பரிசோதனை, முதல் ஓட்டம்

பிரிட்டனில் சர்க்யூட் பந்தய உரிமத்துக்கு முன் ஆர்ட்ஸ் (ARDS) என்ற பந்தய ஓட்டுநர் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். புதியவர் காரின் பின்னால் மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல் குறி இருக்கும். பந்தய நாளன்று பரிசோதகர் பாட்டரியைப் பிடித்து ஆட்டுவார், கார்புரேட்டரில் கூடுதல் ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கிறதா, ஆயில் பிடிக்கும் கேட்ச் டேங்க் இருக்கிறதா என்று பார்ப்பார். எர்த் வயரில் மஞ்சள் டேப் சுற்றியிருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயங்களில்தான் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

முதல் நாள் ஓட்டம் முடிந்து வீடு வந்ததும் வீல் நட்டு, ஹெட் நட்டு இரண்டையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். பிரேக் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிக் காற்றை எடுங்கள். அப்புறம் ஆயில் ஃபில்டரை அறுத்துத் திறந்து, காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நுண்தூள் கொஞ்சம் இருந்தால் புது எஞ்சின் படிகிறது. செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங்கின் மேல் அடுக்கு போய்விட்டது. அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் சம்பைக் கழற்றுங்கள்.