தட்டைக் கீழே போடாதீர்கள்: குடும்ப ரகசியத்தைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குழித்துறையிலிருந்து ஒரு பையன் குறும்படக் கதையோடு வந்தான். கல்யாணத்துக்கு முன்பே கருவைக் கலைத்துக்கொண்ட அக்கா. பதினோராம் பக்கத்தில் பீரோவிலிருந்து பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு விழுகிறது. அம்மா கையிலிருந்த சில்வர் தட்டு நழுவித் தரையில் உருள்கிறது. வீடே உறைந்து நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது. அதே தட்டை நானும் உருட்டியிருக்கிறேன்.

சத்தம் சரியில்லை, ஃபோகஸ் தப்பியது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நாலு படம் எடுத்தால் அதெல்லாம் தானாகச் சரியாகும்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்து எழுதுவது

என் முதல் குறும்படத்தில் ஒரு பெரியப்பா. களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணுவதற்குள் போய்விடலாம். ஒருநாள் பெரியம்மா அவர் செல்போனில் ஒரு போட்டோவைப் பார்த்துவிடுகிறாள். அதிர்ச்சி, அழுகை, தட்டு. நாலு நிமிடக் காட்சிக்கு இரண்டு நாள் படப்பிடிப்பு. கேமரா வாடகை, வீட்டு வாடகை, திருவனந்தபுரத்திலிருந்து வந்த நடிகைக்குச் சம்பளம் என்று அந்த ஒரு காட்சிக்கே 22,000 ரூபாய். அப்பா ரப்பர் ஷீட் விற்ற காசு.

வீட்டில் போட்டுக் காட்டினேன். அம்மாச்சி கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவளுக்கு இப்பந்தான் தெரியுமாக்கும்? சனிக்கிழமதோறும் அவன் உடுத்திட்டுப் போவதுக்கு வேட்டி தேச்சு வச்சது ஆரு மக்களே?"

படம் அங்கேயே செத்தது.

வீட்டில் மூடிவைக்கும் விஷயம் பெரும்பாலும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரியாததுபோல் நாளை ஓட்ட அந்த வீடு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கும். எந்தப் பேச்சு எழுந்தால் யார் அடுக்களைக்குள் போகிறார்கள்? எந்த மாமா வந்தால் பெண்பிள்ளையை அத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? கேமராவை அங்கே வைக்காமல், ஒருத்தி திடுக்கிடும் முகத்தில் வைக்கிறோம். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான்.

2023இல் ஜியோ பேபி எடுத்த 'காதல் தி கோர்' மலையாளப் படத்தில், மகனுக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பது அப்பாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தேதான் கல்யாணம் செய்துவைக்கிறார். கோர்ட்டில் அவர் அதைச் சொல்லும்போது நமக்குச் செய்தி பழசு. ஒன்றும் பேசாமல் அவர் அந்த வீட்டில் சாப்பிட்டு எழுந்த வருடங்கள்தான் கண்முன் வருகின்றன. மறுவருடம் வந்த கிறிஸ்டோ டோமியின் 'உள்ளொழுக்கு' படத்தில் மருமகள் வயிற்றில் வேறொருவர் பிள்ளை. மாமியாரோ மகனுடைய நோயை மறைத்து அவளைக் கட்டிவைத்தவள். வெள்ளம் வடியாமல் மகனை அடக்கம் செய்ய முடியாது. அதுவரை இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும். நம் பையன்கள் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து மழையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் கதையைப் பிறகு திருப்பி எழுதினேன். சனிக்கிழமை மத்தியானம். பெரியம்மா வேட்டி தேய்த்து மடிக்கிறாள். வரிக்கைச் சக்கையில், அதாவது பலாப்பழத்தில், பாதியைச் சுளை எடுத்து, வாழையிலையில் பொதிந்து, அவர் பையில் வைக்கிறாள்.

"எனக்கு எதுக்கு இவ்வளவு?"

"பிள்ளைக இருக்கும்லா."

திரும்பிப் பார்க்காமல் சொல்கிறாள். ஒன்றரை நிமிடக் காட்சி. செலவு ஒரு சக்கை, அதுவும் எங்கள் மரத்துச் சக்கை.

மழை

வேண்டாம்.

குற்றவாளியை வெளியூர்க்காரனாக்குவது

குழந்தைகள்மீதான பாலியல் குற்ற வழக்குகளில் பெரும்பாலும் மாட்டுகிறவர் குழந்தைக்குத் தெரிந்தவர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் வருடாவருடம் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் நம் திரைக்கதையில் மட்டும் அவன் பரட்டைத் தலையோடு தெருமுனையில் பீடி குடித்துக்கொண்டிருப்பான். தாய்மாமனையோ டியூஷன் சாரையோ எழுதக் கை கூசுகிறது. கூசினால் அந்தக் கதையை எடுக்காதீர்கள்.

அந்தக் காட்சியைக் குழந்தையை வைத்தே எடுப்பது

கூடாது. சாத்திய கதவு போதும்.

பக்கத்து வீட்டுச் சம்பவத்தைப் பெயர் மாற்றி எடுப்பது

பெயரை மாற்றிவிட்டு அதே கிணறு, அதே பள்ளிச் சீருடை, அதே சர்ச் கோபுரத்தைக் காட்டினால் ஊரே ஆளைக் கண்டுபிடித்துவிடும். பாதிக்கப்பட்டது 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் குறுக்கே நிற்கும். அதன் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயரோடு நிற்கவில்லை. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என எந்த அடையாளமும் ஊடகத்தில் வெளியாகக் கூடாது என்கிறது.

படத்தின் கடைசி நிமிடத்தில் அறிவுரை சொல்வது

வெட்டு.

குழித்துறைப் பையனுக்கு இதெல்லாம் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"தட்டை எடுத்துட்டா க்ளைமாக்ஸே இல்லியே அண்ணே?"

"அந்தச் சீட்டு யார் பீரோவுல இருந்துச்சு?"

"அம்மா பீரோவுல."

"சாவி?"

"அம்மாகிட்டத்தான்…"

டீ ஆறும்வரை அவன் அதற்குமேல் பேசவில்லை.