ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே பிரேக் பேடா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். பிட் பக்கம் காரை நிறுத்தியிருந்த ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணா, பிரேக் போட்டா ஸ்டீயரிங் உதறுது. டிஸ்க் வளைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. இது ரெண்டாவது செட் டிஸ்க்" என்றான். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; பிரேக் போட்டால் இரண்டு பக்கமும் அதைக் கவ்வுவது பேட். டிஸ்க் முழுக்கச் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. "இதே பேடோடதான் தினமும் ஆபீஸ் போறியா?" என்று கேட்டேன். "ஆமாண்ணா, நல்ல ரேஸ் பேடாச்சே!"

பத்து வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. அவன் கொட்டிய பணத்தை நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

டிராக்குக்குப் போகிறவர்கள் பிரேக் விஷயத்தில் செய்யும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன். கிளிப்பை மாற்றி மாட்டுவது, போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. எந்த நல்ல மெக்கானிக்கும் அவற்றைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

## டிராக் பேடையே தினமும் ஓட்டுவது

என்னிடம் அப்போது இருந்த காரின் எடை 1,400 கிலோ. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு வளைவுக்காக 80-க்கு இறக்கினால் சுமார் 14 லட்சம் ஜூல் ஆற்றல் போயாக வேண்டும். 5 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. மூன்று நான்கு வினாடிக்குள் அதில் பெரும்பகுதியை நாலு டிஸ்க்கும் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வளைவில் மறுபடியும். வண்டியோடு வந்த பேட் இந்தச் சூட்டில் வழுக்கத் தொடங்குவதால்தான் டிராக் பேட் தேடிப் போகிறோம். அதுவரை சரிதான்.

தவறு அதற்குப் பிறகு வருகிறது. 'இத்தனை நூறு டிகிரி வரை தாங்கும்' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். எத்தனை டிகிரியில் பிடிக்க ஆரம்பிக்கும் என்று கேட்பதே இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது டிஸ்க் பெரும்பாலும் 200 டிகிரியைத் தொடுவதில்லை. முழு ரேஸ் பேடுக்கு அந்தச் சூடு போதாது.

ஒரு நவம்பர் காலையில் இதை வேளச்சேரியில் கற்றுக்கொண்டேன். இரவெல்லாம் மழை. வீட்டிலிருந்து கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மேம்பாலத்திலிருந்து இறங்குகிறேன், கீழே ஒரு ஷேர் ஆட்டோ நிற்கிறது. பிரேக்கை மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி இருந்தது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்து, ஆட்டோவுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். அதன் பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் அந்த இறக்கத்தில் என் கால் தானாகப் பிரேக் மேல் போய்விடுகிறது.

அப்போதும் நான் பேடைக் கழற்றவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை. ஓட்ட ஓட்டச் சூடாகிச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினேன். சிக்னலுக்குச் சிக்னல் கிறீச் சத்தம். பேடிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் மழை ஈரத்தில் துருப்பிடித்து, கழுவினாலும் போகாத பழுப்புப் புள்ளிகளாகச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டது.

டிஸ்க்குக்கு நடந்ததுதான் பெரிய நஷ்டம். பேட் இரண்டு விதமாகப் பிடிக்கும். ஒன்று, தன்னிடமுள்ள கெட்டியான துகள்களால் வார்ப்பிரும்பை உரசிப் பிடிப்பது. மற்றொன்று, சூட்டில் தன் பொருளையே மெல்லிய படலமாக டிஸ்க்கில் பூசி, அந்தப் படலத்தோடு ஒட்டிப் பிரிந்து பிடிப்பது. டிராக் பேட் பெரிதும் இரண்டாவதை நம்பிச் செய்யப்பட்டது. ஆறிய நிலையில் அதனால் உரச மட்டுமே முடியும். ஏற்கெனவே பூசிய படலத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு டிஸ்க்கைத் தின்னும். எவ்வளவு வரை தேயலாம் என்ற கணக்கு பெரும்பாலான டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். புதிதில் 25 மில்லிமீட்டர் இருந்த என் முன் டிஸ்க்குக்கு 22 எல்லை. ஆறே மாதத்தில் அதைத் தொட்டுவிட்டது.

அந்தத் தம்பியின் உதறலும் இதே வழியில் வந்ததுதான். வாரமெல்லாம் படலத்தைச் சுரண்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மொட்டை டிஸ்க்கோடு டிராக்கில் இறங்குகிறான். முதல் இரண்டு சுற்றிலேயே முழுச் சூட்டில் அழுத்தினால் படலம் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிதாகவும் விழும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தால்கூடக் காலுக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் 'டிஸ்க் வளைஞ்சிடுச்சு' என்கிறார்கள். வார்ப்பிரும்பு டிஸ்க் நிஜமாக வளைவது அபூர்வம். புது டிஸ்க் வாங்கி அதே பேடை அதே மாதிரி ஓட்டினால் அதுவும் உதறத்தான் செய்யும். உதறல் முற்றாத நிலையில், பேட் கம்பெனி சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றி, படலத்தை மறுபடி சீராகப் படியவைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். டிஸ்க் வாங்கும் முன் அதைச் செய்து பாருங்கள்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் டிராக் என்றால், ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் நிற்கும் பேட் போதும். அதற்கு மேல் போகிறவர்கள் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியைத் தேடி நான் நிறையச் செலவழித்துவிட்டேன், கிடைக்கவில்லை.

## பிரேக் ஆயிலின் குற்றத்தைப் பேட் மேல் போடுவது

டிராக்கில் பிரேக் விட்டுப்போனால் உங்கள் காலைக் கேளுங்கள். பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடு தாங்கவில்லை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது; எவ்வளவு விலையுள்ள பேட் போட்டாலும் அது மாறாது. டாட் 4 என்ற தரத்தில் வரும் பிரேக் ஆயில் புதிதில் கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். காற்றிலிருந்து இழுத்து 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். சென்னைக் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் மாற்றுங்கள்.

## எஃப்எஃப், ஜிஜி எழுத்தை நம்புவது

பேடின் முதுகிலோ ஓரத்திலோ இருக்கும் இந்த எழுத்துகள் உராய்வின் அளவைச் சொல்பவை. அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு முடிந்துவிடுகிறது. டிராக்கில் டிஸ்க் அதைச் சுலபமாகத் தாண்டும்.

## 'செராமிக்' என்றதும் மயங்குவது

கடையில் கிடைக்கும் செராமிக் பேட் சத்தமும் தூளும் குறைவாக இருக்கச் செய்தது. விலையுயர்ந்த வேகக் கார்களில் வரும் கார்பன்-செராமிக் டிஸ்க் வேறு சங்கதி; பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## முன் சக்கரப் பேடை மட்டும் மாற்றுவது

பின் பேடையும் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

## பாதி தேய்ந்த பேடோடு டிராக்குக்குப் போவது

போகாதீர்கள்.

## ஓடி முடித்ததும் கைபிரேக் போடுவது

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்திய பிறகு பெடலில் கால் வேண்டாம், கைபிரேக்கும் வேண்டாம். சூடான டிஸ்க்கில் பேட் அச்சுப் பதிந்துவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று மாலை பிட்டிலேயே சாதாரண பேடை மாட்டிக் கொடுத்தேன். கழற்றிய டிராக் பேடுகளில் எது எந்தப் பக்கம், எது உள்ளே, எது வெளியே என்று மார்க்கரில் எழுதி, துணியில் சுற்றி டிக்கியில் வைத்தான். அடுத்த முறை கிளம்புவதற்கு முந்தின நாள் மாட்ட வேண்டும்.