மீன ராசிக்கு செஸ் ராஜா: ராசிக் குறிகளில் நடக்கும் தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களுக்காகப் போன தை மாதம் ஒரு ராசிபலன் தாள் போட்டோம். பெயர், நட்சத்திரம், ராசி, பக்கத்திலேயே ராசிக் குறி. புரோகிராம் எழுதியது நான். தாளை வாங்கிப் பார்த்த மூன்றாவது மாடி மாமா, "ஏம்பா, நான் மீன ராசி. எனக்கு எதுக்கு செஸ் ராஜா போட்டிருக்கே?" என்றார்.

தப்பு என்னுடையதுதான். ராசிக் குறி படம் இல்லை, எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில், 'க'வுக்கு ஓர் எண் இருப்பதுபோல மேஷத்துக்கு 9800, ரிஷபத்துக்கு 9801, அப்படியே வரிசையாக மீனத்துக்கு 9811. நாம் ராசியை ஒன்றிலிருந்து எண்ணுகிறோம். நான் ராசி எண்ணை 9800-உடன் கூட்டிவிட்டேன். கூட்ட வேண்டியது 9799-உடன். மீனம் பன்னிரண்டாவது ராசி, அதனால் 9812. அங்கே உட்கார்ந்திருப்பவர் சதுரங்கத்தின் வெள்ளை ராஜா ♔.

இதைவிட மோசம், மற்ற பதினோரு ராசிக்காரர்களுக்கும் அடுத்த ராசியின் குறிதான் போயிருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. நமக்கு ராசியைப் பெயரால்தான் தெரியும், இந்தக் கோட்டுக் குறிகள் பழக்கமில்லை. ஆகவே அச்சுக்கு அனுப்புமுன் முதல் ராசியையும் கடைசி ராசியையும் கட்டாயம் சரிபாருங்கள்.

கண்ணை நம்பி காப்பி செய்வதும் இதே வம்புதான். கன்னி ♍ (9805), விருச்சிகம் ♏ (9807) இரண்டும் ஆங்கில 'எம்' மாதிரி இருக்கும். வால் உள்பக்கம் சுருண்டால் கன்னி, அம்பு முனையோடு வெளியே நீண்டால் விருச்சிகம். சின்ன அளவில் இந்த வித்தியாசம் தெரியாது, எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது வண்ணம். இந்தக் குறிகள் பெரும்பாலான போன்களில் எமோஜியாக, ஊதாக் கட்டத்துக்குள் வெள்ளைக் கோடாக வரும். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் சாம்பல் நிறக் கட்டம்தான் மிஞ்சும். குறியை அடுத்து 65038 என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்த்தால் 'சாதாரண எழுத்தாகக் காட்டு' என்று அர்த்தம். 65039 சேர்த்தால் எமோஜி. இணையப் பக்கமானால் ♈︎ என்று எழுதினால் போதும். ஆனால் எழுத்துருவும் ஒத்துழைக்க வேண்டும். டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் பன்னிரண்டும் கறுப்பு வெள்ளையாகவே இருக்கின்றன.

எழுத்துக்குப் பதில் படக்குறி காட்டும் விங்டிங்ஸ் எழுத்துரு வேண்டாம். அதில் ஆங்கிலச் சின்ன 'a'வைத் தட்டினால் கடகம் வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் வெறும் ஆங்கில எழுத்தோ காலிக் கட்டமோதான் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதத்தைத் திறந்து முழித்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சிலர் மேஷத்துக்கு 🐏 போடுகிறார்கள். அது ஆட்டுக்கடா, ராசி இல்லை. மகரத்துக்கு 🐐 போட்டால் நம் வீட்டுப் பாட்டிகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், நம் பஞ்சாங்கத்து மகரம் வெள்ளாடு அல்ல. கணினிக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ♈ மூன்று பைட். தமிழ் எழுத்துகளும் மூன்று பைட்தான். விலங்கு எமோஜிகளோ நான்கு பைட். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய 'யூடிஎஃப்8' வகை மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. தமிழ் நன்றாகச் சேமிக்கப்படும் அதே அட்டவணையில் ஆட்டுக்கடா மட்டும் அடம்பிடிப்பது இதனால்தான். 'யூடிஎஃப்8எம்பி4' வகைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அப்புறம், போன் எமோஜிப் பட்டியலில் ⛎ என்று பதிமூன்றாவதாக ஒன்று நிற்கும். பாம்பைப் பிடித்திருப்பவர் விண்மீன் கூட்டத்தின் குறி அது. 2010-இல் யூனிகோடு 6.0-இல்தான் சேர்ந்தது, எண்ணும் தள்ளி 9934. அதைப் பதிமூன்றாம் ராசியாக வரிசையில் சேர்த்துவிடாதீர்கள். ஜாதகக் கட்டம் பன்னிரண்டுதான்.