ஆர்டிஐ மனு: "தனிநபர் தகவல்"னு தட்டிக்கழிக்க முடியாத மாதிரி எழுதுறது எப்படி

ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டா "கேட்கப்பட்டது தனிநபர் தகவல், வழங்க இயலாது"னு ஒரே வரில பதில் வந்து நிக்குதா? 2005 சட்டத்துல 8(1)(ஜே) பிரிவு முன்னாடி இப்படி மொட்டையா இல்ல. பொதுப் பணிக்கு சம்பந்தமே இல்லாத, இல்லன்னா ஒருத்தரோட அந்தரங்கத்துல தேவையில்லாம நுழையுற தகவலைத்தான் மறுக்கலாம், அதுலயும் பெரிய பொதுநலன் இருந்தா குடுத்தாகணும்னு இருந்துச்சு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தையெல்லாம் எடுத்துட்டு வெறும் "தனிநபர் தகவல்"னு சுருக்கிடுச்சு, 2025 நவம்பர்ல அந்தத் திருத்தம் அமலுக்கும் வந்தாச்சு. என்னைக் கேட்டா இது மறுக்க காரணம் தேடுற ஆளுக்கு தாம்பாளத்துல வச்சுக் குடுத்த மாதிரிதான். அதனால மனு எழுதுறப்பவே உஷாரா எழுதணும்.

முக்கியமா, ஆளைப் பத்தி கேக்காதீங்க, ஃபைலைக் கேளுங்க. "எங்க தெரு ரோடு ஏன் ஆறே மாசத்துல பேந்துடுச்சு, யார் காசு அடிச்சாங்க"னு எழுதினா பதில் வராது, ஏன்னா மனுவுக்கு பதில் சொல்ற பொதுத் தகவல் அலுவலர் தன் ஆபீஸ் கையில இருக்குற ஆவணத்தைக் குடுக்கணுமே தவிர காரணம் கண்டுபிடிச்சு சொல்லணும்னு சட்டத்துல இல்ல. அதையே இப்படி எழுதுங்க: "மேற்படி தெருவில் 2024-25ஆம் ஆண்டு நடைபெற்ற சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், தொகை வழங்கப்பட்ட பட்டியல் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் வழங்கவும்." இதுல ஒருத்தர் பேரும் இல்ல, எல்லாம் அரசாங்கப் பணம் செலவான கணக்கு, ஆனா எத்தனை மீட்டர், எவ்வளவு கனம்னு அளவுப் புத்தகத்துல எழுதியிருக்கும், நீங்க போய் டேப் வச்சு அளந்தா உண்மை தெரிஞ்சுடும். நகல் மட்டும் இல்ல, நேர்ல போய் ஃபைலைப் பாத்து குறிப்பு எடுக்கவும், போட்ட பொருள்ல சாம்பிள் கேக்கவும்கூட உரிமை இருக்கு, இதை ரொம்பப் பேர் கேக்குறதே இல்ல.

அதிகாரி பத்திதான் கேட்டாகணும்னா பேரைப் போடாம பதவியைப் போடுங்க. ஒருத்தரோட சொத்து விவரம், வருமான வரி கணக்கு, அவருக்கு வந்த மெமோ இதெல்லாம் கேட்டா 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டியே மறுத்துடுவாங்க, அது இந்தத் திருத்தத்துக்கு முன்னாடியே இருந்த கதை. "இந்தத் தேதிக்குள்ள இந்தப் பதவி மேல எத்தனை புகார் வந்துச்சு, எத்தனைல நடவடிக்கை எடுத்தாங்க"ன்னா அது ஆபீஸ் கணக்கு. ஊழியர் பட்டியலையும் மாசச் சம்பளத்தையும் பிரிவு 4ன்படி அவங்களே வெளியிட்டிருக்கணும், அதை அந்தரங்கம்னு சொன்னா விடாதீங்க.

மனுவோட கடைசில ரெண்டு வரி சேருங்க. "ஆவணத்தில் தனிநபர் விவரம் ஏதேனும் இருப்பின் பிரிவு 10ன்படி அப்பகுதியை மட்டும் நீக்கி மீதியை வழங்கவும்"னு ஒண்ணு. அப்புறம், மறுக்கக்கூடிய தகவலா இருந்தாலும் பொதுநலன் பெருசுன்னா குடுக்கலாம்னு சொல்ற, இன்னும் அப்படியே இருக்குற பிரிவு 8(2)ஐச் சொல்லி, இதை வெளியிட்டா பொதுமக்களுக்கு என்ன நன்மைனு ஒண்ணு. காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்லதான், இருந்தாலும் அப்பீல்ல கைகொடுக்கும்.

உங்க தகவலையும் பாத்துக்கங்க. பதில் வந்து சேர ஒரு முகவரி போதும், ஆதார் நகல், தொழில், அப்பா பேர் எதுவும் வைக்காதீங்க. வீட்டு முகவரி குடுக்கப் பயமா இருந்தா தபால் பெட்டி எண் போடலாம், 2013லயே கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கிட்டிருக்கு. மணல், குவாரி மாதிரி விவகாரம்னா இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. உங்களோட சொந்த ஃபைலையே கேக்குறீங்கன்னா கதை வேற, அங்க நீங்கதான் அந்த ஆள்னு நிரூபிக்க அடையாளச் சான்று கேக்கலாம். உங்க பரீட்சை விடைத்தாளைக்கூட பாக்கலாம்னு 2011ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு ஆபீஸ்னா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்க, மத்திய அரசுன்னா போஸ்டல் ஆர்டர், ரெண்டுக்கும் ஆன்லைன் போர்ட்டலும் இருக்கு. வேற ஆபீஸுக்கு அனுப்பிட்டாலும் 5 நாள்ல அவங்களே மாத்தி விடணும். 30 நாள்ல பதில், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். மூணாவது ஆளைப் பத்தின, அவர் ரகசியமா வச்சுக்கக் குடுத்த விவரம்னா அவருக்கு நோட்டீஸ் போகும், 40 நாள் ஆகும்.

மறுத்துட்டாங்கன்னா 30 நாளுக்குள்ள அதே துறையோட மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்க. சட்டத்தைப் பத்தி கட்டுரை வேண்டாம், நேரா கேளுங்க: எந்தப் பக்கத்துல எந்த வரி தனிநபர் தகவல், அதை மறைச்சுட்டு மீதியை ஏன் குடுக்கல? மறுத்தது சரின்னு நிரூபிக்கிற பொறுப்பு அவங்களுக்குத்தான்னு பிரிவு 19(5) சொல்லுது. அங்கயும் ஆகலன்னா 90 நாளுக்குள்ள தகவல் ஆணையம், தப்பு பண்ண அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரைக்கும் அபராதம் போட அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா அங்க விசாரணைக்கு உடனே கூப்பிட மாட்டாங்க, அதுவரைக்கும் மனு நகல், டெலிவரி ஆன சான்று, வந்த பதில், அது வந்த கவர்ல இருக்குற தபால் முத்திரை எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, கெடு தாண்டிடுச்சுன்னு அவங்க சொன்னா அந்த முத்திரைத் தேதியைத்தான் காட்டணும்.