தேதி தள்ளிப்போச்சா? மூன்று வாரம் பின்னால் பாருங்கள்

"பரீட்சை முடிஞ்சு நிம்மதியாத்தானுங்க இருக்கேன். இப்பப் போய் மாதவிலக்கு ஏன் தள்ளிப்போகுது?" கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் இப்படிக் கேட்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கும் பெண்களுக்கும் இதே குழப்பம்தான். விடை கிடைக்க ஒரு மாதக் காலண்டரும் பேனாவும் போதும்.

முதல் வேலை: உதிரப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாளை வட்டமிடுங்கள். அதுதான் 1-ஆம் நாள். சிலர் தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து எண்ணுவார்கள், அங்கேயே கணக்கு பிசகிவிடும். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்துக்கு 21 முதல் 35 நாள் வரை இருந்தால் இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாள்கூட ஆகலாம். எல்லோருக்கும் 28 நாள்தான் என்பதை நம்பி மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, தினமும் படுக்கும் முன் அந்தத் தேதிக்குள் மூன்று குறிப்பு: எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை வேளை சாப்பிட்டீர்கள், மனசில் வெசனம் இருந்ததா. மூன்று மாதம் விடாமல் எழுதுங்கள்.

இனி, தள்ளிப்போன மாதத்தில் இரண்டு மூன்று வாரம் பின்னால் போய்ப் படியுங்கள். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையால்தான் சினைப்பையில் முட்டை முதிர்கிறது. பெரிய வெசனம், தூக்கக்கேடு, அரைவயிற்றுச் சாப்பாடு எல்லாமே அந்தச் சமிக்ஞையை மந்தமாக்கும். முட்டை வெளிவருவது தாமதமாகும். வெளிவந்தபின் மாதவிலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், அது அதிகம் மாறாது. அதனால்தான் பரீட்சை நேரத்துப் பதற்றம் பரீட்சை முடிந்தபின் தெரிகிறது.

காரணம் பிடிபட்டதும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நைட் ஷிப்ட் என்றால், பகலில் ஜன்னலைக் கெட்டித் துணியால் மறைத்து ஒரே நேரத்தில் படுங்கள். காலையில் டீயும் வர்க்கியும் மட்டும் என்றால், கம்மஞ்சோறோ ராகிக்களியோ வயிறு நிறையச் சாப்பிடுங்கள். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ குறைத்துவிடும். இளைப்பதற்காகப் பட்டினி கிடப்பது மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மணி, மாதவிலக்கு அடியோடு நின்றுவிடக்கூடும்.

எல்லாவற்றையும் டென்ஷன் தலையில் கட்டிவிடவும் கூடாது. தைராய்டு, நீர்க்கட்டிப் பிரச்சினையிலும் தேதி தவறும். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அதைப் பரிசோதியுங்கள். மூன்று மாதம் வராவிட்டாலோ, உதிரப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ, வேலைக்கே போக முடியாத வலி என்றாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் அன்றைக்கே போக வேண்டும். காலண்டரையும் எடுத்துப்போங்கள். "கடைசியா எந்தத் தேதி?" என்றுதான் டாக்டர் ஆரம்பிப்பார்.