அம்மாவின் கார்டியன் மனு: அண்ணனுக்குச் சேராத நோட்டீஸ்

அம்மாவுக்கு மறதி நோய் முற்றியதால், என்னைக் கார்டியனாக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டோம். தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அதுதான். எதிர்மனுதாரரான அண்ணனுக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தது. பாபநாசம் வீட்டை எப்போதோ காலி செய்துவிட்டாராம்.

அவருக்குத் தெரியாமல் உத்தரவு வாங்க எனக்கு மனமில்லை. அவருக்கும் அவர் அம்மாதானே. யார் யாரிடம் விசாரித்தோம் என்பதையெல்லாம் பிரமாணப் பத்திரத்தில் எழுதினோம். அப்புறம், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 5, விதி 20 சொல்லும் முறையில் பேப்பர் விளம்பரத்துக்கு வக்கீல் அனுமதி வாங்கினார். அண்ணன் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் விற்கும் நாளிதழாக இருக்க வேண்டும். அதனால் டெல்டாப் பதிப்பில் கொடுத்தோம். விளம்பரம் வந்த பக்கத்தையும் தாக்கல் செய்தோம். அதைப் பார்த்த உறவினர் சொல்லி, அண்ணன் அடுத்த வாய்தாவுக்கு வக்கீலோடு வந்துவிட்டார்.