எபோலா வந்தால் ஆட்கள் ஏன் ஒளிகிறார்கள்?

எபோலா என்றதும் நம்மில் பலருக்குக் கொரோனா நினைவு வந்துவிடுகிறது. குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. எபோலா கொரோனா மாதிரி காற்றில் பரவி ஊரை வாரிக்கொண்டு போகும் நோய் இல்லை. அறிகுறி தெரிவதற்கு முன்னால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இரத்தம், வாந்தி, பேதி என்று நோயாளியின் உடலிலிருந்து வருவது மேலே பட்டால்தான் ஆபத்து; நோய் முற்ற முற்றக் கிருமி பெருகும், பிணத்திலும் ஏராளமாக இருக்கும். அதனால் இது பெரும்பாலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர்களைத்தான் பிடிக்கிறது: அம்மா, மனைவி, நர்ஸ், பிணத்தைக் குளிப்பாட்டுகிறவர். நோயாளியையும் அவரோடு தொடர்பில் இருந்தவர்களையும் கண்டுபிடித்து 21 நாள் கண்காணித்தால் பரவல் நின்றுவிடும். ஆனால் அதற்கு ஆட்கள் ஒளியாமல் இருக்க வேண்டுமே! இதுவரை நடந்த பெரிய தவறுகளில் பெரும்பாலானவை, நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டு ஆட்களை ஒளிய வைத்தவைதான்.

முதலில் துப்பாக்கி. 2014 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில், கடலோரமாக வெஸ்ட் பாயிண்ட் என்ற நெருக்கடியான குடிசைப்பகுதி. அங்கிருந்த ஒரு பள்ளிக்கூடத்தை, அந்த மக்களிடம் சரியாக ஒரு வார்த்தை பேசாமல், எபோலா சந்தேகம் உள்ளவர்களை வைக்கும் இடமாக்கினார்கள். வேறு இடத்து நோயாளிகளை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று கோபம் கிளம்பி, கூட்டம் உள்ளே புகுந்து மெத்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு போனது. சில நாளில் ராணுவம் வந்து முழுப் பகுதியையும் அடைத்தது. கலவரம், துப்பாக்கிச்சூடு, 15 வயதுப் பையன் ஒருவன் சாவு. பத்தே நாளில் அடைப்பை அரசே விலக்கிக்கொண்டது. பல ஆயிரம் பேரைப் பட்டினி பயத்தோடு ஒன்றாக அடைத்தால் காய்ச்சல்காரர் வெளியே வந்து சொல்வாரா என்ன? அதே மன்ரோவியாவில் உள்ளூர்க்காரர்களே வீடு வீடாகப் போய் விசாரித்தபோதுதான் யார் எங்கே முடியாமல் கிடக்கிறார்கள் என்ற விவரம் வந்தது.

அடுத்தது சாவு. அந்த மாதமே மன்ரோவியாவில் எபோலா பிணங்களை எரிக்க உத்தரவு போட்டார்கள். எரித்த இடம் எது தெரியுமா? அங்கே வாழும் இந்தியர்கள் தங்கள் வழக்கத்துக்காக வைத்திருந்த தகன மேடை. கிருமி ஒழிப்புக் கணக்கில் சரிதான், ஆனால் லைபீரியர்களுக்குப் பிணத்தை எரிக்கும் வழக்கமே கிடையாது. ஒவ்வொரு மார்ச் மாதமும் இரண்டாம் புதன்கிழமை குடும்பத்தோடு கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டி, வெள்ளையடித்துவிட்டு வருவது அவர்கள் வழக்கம். கல்லறையே இல்லாவிட்டால் எங்கே போவது? அதனால் சாவை மறைத்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தார்கள், எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் முடியாதவர்களைக்கூட சிகிச்சை மையத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். டிசம்பர் கடைசியில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் தனி இடுகாடு திறந்த பிறகுதான் எரிப்பது நின்றது.

இதற்கு மாற்று ஒன்றும் கடினமானதில்லை. பயிற்சி பெற்ற குழு முதலில் சாதாரண உடையில் வந்து வீட்டாரோடு உட்கார்ந்து பேசும். அவர்கள் கண்முன்னால்தான் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொள்ளும். பிணத்தோடு வைக்க வேண்டிய துணிமணியைக் குடும்பம் கொடுக்கலாம். முஸ்லிம் என்றால், குளிப்பாட்டுவதற்குப் பதிலாகத் தண்ணீர் இல்லாமல் செய்யும் தயம்மும் என்ற சுத்தச் சடங்கு, பிணத்தைச் சுற்றும் கஃபன் துணி. தள்ளி நின்று தொழலாம், ஜெபம் செய்யலாம், குழியில் மண் போடலாம். விட்டுக்கொடுக்க முடியாதது ஒன்றுதான்: குளிப்பாட்டக் கூடாது, தொடக் கூடாது.

விளம்பரத்தில் நடந்த கூத்து வேறு. ‘எபோலாவுக்கு மருந்தே கிடையாது, வந்தால் சாவுதான்’ என்று ஆரம்பத்தில் ஊரெல்லாம் பயமுறுத்தினார்கள். கேட்டவர் யோசித்தது நியாயம்தானே: மருந்தே இல்லையென்றால் முகம் தெரியாத கூடாரத்தில் ஏன் சாக வேண்டும், வீட்டிலேயே சாகலாமே! சீக்கிரம் வந்து உடம்பில் நீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பதை முதல் வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். காட்டு இறைச்சி சாப்பிடாதே என்று வேறு ஓயாமல் சொன்னார்கள். முதலில் காட்டு விலங்கிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் பரவல் எப்போதோ மனிதரிடமிருந்து மனிதருக்கு என்றாகிவிட்டது.

இப்போது மருந்தும் தடுப்பூசியும் இருக்கின்றன, ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. எர்வெபோ தடுப்பூசியும், எபாங்கா, இன்மசெப் மருந்துகளும் ஜயர் வகை எபோலாவுக்கு மட்டுமே. 2022இல் உகாண்டாவில் வந்தது சூடான் வகை. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. சோதனைத் தடுப்பூசிகள் வந்து இறங்கியபோது பரவல் ஏறக்குறைய முடிந்தே போயிருந்தது. அந்த அனுபவத்தில் முன்கூட்டியே அனுமதி, குப்பி, ஆட்கள் எல்லாம் தயாராக வைத்ததால், 2025இல் மறுபடி வந்தபோது அறிவிப்பு வந்த நான்காவது நாளே சோதனை முறையில் ஊசி போட ஆரம்பித்தார்கள்.

மருத்துவமனைகள் செய்வது என்னவென்றால், கவச உடையை வாங்கி அடுக்கிவிட்டுத் தயார் என்று நினைப்பது. மாட்டுவதைவிடக் கழற்றும்போதுதான் பெரும் ஆபத்து. களைப்பு, வியர்வை, கண்ணாடியில் ஆவி; வெளிப்பக்கத்தைத் தொட்ட விரல் ஒரு நொடி முகத்தில் பட்டால் போதும். ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லிக்கொடுத்து, கண்கொட்டாமல் பார்க்க ஒரு ஆள் கட்டாயம் பக்கத்தில் வேண்டும். அதற்கும் முன்னால், எங்கிருந்து வருகிறீர்கள் என்ற கேள்வி. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்லஸில், லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பது பதிவாகியிருந்தும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து இறந்தார், பார்த்துக்கொண்ட இரண்டு நர்ஸ்களுக்கும் தொற்றியது. அதே ஆண்டு ஜூலையில் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் நடந்தது நேர் எதிர். லைபீரியாவிலிருந்து வந்த நோயாளியை மருத்துவமனையிலிருந்து வெளியே விடச் சொல்லி மேலிடத்து நெருக்கடி வந்தும் டாக்டர் அமேயோ அடடேவோ விடவில்லை. அவரும் அந்த நோயிலேயே இறந்தார். போலியோவுக்காக ஏற்கனவே இயங்கிக்கொண்டிருந்த அமைப்பை நைஜீரியா அப்படியே திருப்பிவிட்டு, கிட்டத்தட்ட 900 பேரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தது. அத்தனை பெரிய நகரத்துக்குள் நுழைந்தும் நாடு முழுவதும் 20 பேர், 8 சாவு, அதோடு முடிந்தது.

எபோலா மட்டும்தான் நோய் என்று நடந்துகொள்வது இன்னொன்று. 2018 முதல் 2020 வரை கிழக்குக் காங்கோவில் எபோலாவில் 2,287 பேர் இறந்தார்கள். அதே சமயத்தில் நாடு முழுவதும் தட்டம்மை 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, பெரும்பாலும் குழந்தைகள். ஆயுதக் குழுக்கள் ஆட்களை வெட்டிப் போட்டபோது எட்டிப் பார்க்காதவர்கள் எபோலாவுக்கு மட்டும் வரிசையாகக் கார்களில் வந்தால், இது பணம் பண்ணுகிற வேலை என்று அங்கே பேசிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? பெனி, புட்டெம்போ ஊர்களில் எபோலாவைக் காரணம் காட்டி 2018 தேர்தல் வாக்குப்பதிவைத் தள்ளிப்போட்டது எரிகிற நெருப்பில் எண்ணெய். சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன.

கடைசியாக, பிழைத்தவர்கள். கடைசி நோயாளி குணமாகி 42 நாள் ஆனால் முடிந்தது என்று அறிவித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் கிருமி விந்தில் பல மாதம் தங்கும். 2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து குணமாகி டெல்லி வந்திறங்கிய இந்தியருக்கு இரத்தத்தில் இல்லை, விந்தில் இருந்தது. விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தினார்கள். 2021இல் கினியாவில் வந்த எபோலாவின் மரபணு, 2014 காலத்துக் கிருமியோடு ஒட்டிப்போனது; அதாவது அது பிழைத்த ஒருவரின் உடம்பிலேயே அத்தனை வருஷம் தங்கியிருந்திருக்கலாம். அதை வைத்துப் பிழைத்தவர்களை ஊர் ஒதுக்கினால் அவர்களும் ஒளிந்துவிடுவார்கள். பலருக்குக் கண் வீக்கம், மூட்டு வலி தொடர்கிறது. கண்ணையும் மூட்டையும் இலவசமாகப் பார்க்கும் கிளினிக்கில் மாதாமாதம் விந்துப் பரிசோதனையும் வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை கிருமி இல்லை என்று வரும்வரை ஆணுறையும் கொடுத்தால் வருவார்கள். விந்து பரிசோதிக்க மட்டும் கூப்பிட்டால் யார் வருவார்?